பத்தாவது விண்ணப்பம்

ஜனவரி 3, 2018

இன்று முதல் எழுபத்திரண்டாயிரம் என்ற எண்ணை எழுதுவதில்லை என்று முடிவெடுத்தேன். பிற்பகல் மூன்று பத்துக்கு, தாலுகா அலுவலகத்துக்கு எதிரேயுள்ள டீக்கடையில், பாதி வடையைக் கீழே வைத்துவிட்டு எடுத்த முடிவு. நெடுங்கரைப்பட்டியின் வருவாய்த்துறை வரலாற்றில் இந்த நாளுக்கு ஓர் இடம் உண்டு என்பதால் புது நாட்குறிப்பை இதிலிருந்தே தொடங்குகிறேன். முதல் இரண்டு பக்கங்கள் காலியாகவே இருக்கட்டும்.

விவரம்: ஏழைக் குடும்பங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை வேண்டுமென்றால் ஆண்டு வருமானம் எழுபத்திரண்டாயிரத்துக்குள் இருக்க வேண்டும். இருக்கிறது என்று சான்று தருவது கிராம நிர்வாக அலுவலராகிய நான். அட்டை இருந்தால் பெரிய ஆபரேஷன்கூடப் பெரிய ஆஸ்பத்திரியில் இலவசம். இந்த ஊரில் யாருக்கும் தன் ஆண்டு வருமானம் தெரியாது. வருகிற அன்று வருகிறது, வராத அன்று இல்லை. ஆகவே அவர்கள் சொல்வதில்லை, நான் கேட்பதில்லை, எல்லோருக்கும் எழுபத்திரண்டாயிரம் என்று எழுதிவிடுவேன். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான்.

இன்றைய கூட்டத்தில் தாசில்தார் அம்மா என் பதிவேட்டைத் தூக்கிக் காட்டினார். “தெய்வசகாயம், உங்க ஊர்ல நானூத்திப் பன்னெண்டு குடும்பம். நானூத்திப் பன்னெண்டுக்கும் ஒரே வருமானம். ரஷ்யாக்காரனாலயே முடியலையே, நீங்க எப்படிங்க செஞ்சீங்க?”

மற்ற கிராம நிர்வாக அலுவலர்கள் சிரித்தார்கள். அவர்கள் பதிவேடுகளிலும் அதே எண்தான். அவர்களுடைய முறை வரவில்லை, அவ்வளவுதான்.

நான் புள்ளியியல் பட்டதாரி. இரண்டாம் வகுப்பு. இருபது ஆண்டுகளாக அந்தப் படிப்பை யாரும் கேட்டதில்லை. இன்று கேட்டிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 4

திட்டம் முழுமை பெற்றது. மனிதர்களின் வருமானம் ஒரே கோட்டில் நிற்காது. கொஞ்சம் பேர் கீழே, நிறையப் பேர் நடுவே, கொஞ்சம் பேர் மேலே. எனவே நாற்பத்தெட்டு, ஐம்பத்துநான்கு, அறுபது, அறுபத்தாறு என்று கலந்து எழுதுவேன். ஆனால் எல்லைக்கு மேலே ஒருவர்கூட இல்லாத ஊரை யார் நம்புவார்கள்? பத்து விண்ணப்பத்துக்கு ஒன்று எண்பத்துநாலாயிரம். பத்தாவது யாராக வருகிறாரோ அவர். இதில் என் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. அதுதான் இதன் அழகு.

இலவச வேட்டி சேலை மூட்டைகள் வந்து இறங்கின. எண்ணியதில் பதினோரு சேலை குறைவு.

ஜனவரி 6

முன்னாள் வார்டு உறுப்பினர் சௌந்திரபாண்டி இரண்டு கிலோ வெல்லமும் அரை மூட்டை பச்சரிசியும் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். டிராக்டர், சிமெண்ட் கடை, நல்ல மனது எல்லாம் உடையவர். அலுவலகக் கட்டடத்தின் கூரை விழுந்ததிலிருந்து அவர் கடையின் பின்னறையில்தான் அலுவலகம் நடக்கிறது. வாடகை வாங்குவதில்லை.

என் மனைவி சுகந்தியிடம் பத்துக்கு ஒன்று திட்டத்தை விளக்கினேன். “அந்தப் பத்தாவது ஆளு நெசமாவே இல்லாதப்பட்டவரா இருந்தா?” என்றாள்.

“அடுத்த வருசம் மறுபடி எழுதிக் குடுத்தா அட்டை கெடைச்சிரும்.”

“நோவு அடுத்த வருசம் வரைக்கும் காத்திருக்குமா?”

புள்ளியியல் படிக்காதவர்களிடம் இதுதான் சிரமம்.

ஜனவரி 11

மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் இல்லை. அறைக்குள் புழுக்கம். மேசையை வாசலோரம் இழுத்துப் போட்டு, வந்திருந்த முப்பது விண்ணப்பங்களுக்கும் சான்று எழுதி முடித்தேன். தலையாரி வீரமாகாளி எதிரே உட்கார்ந்து ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற ஒன்றரை ஆண்டு இருக்கிற மனிதர். அவர் என்னை விசிறினாரா, தன்னை விசிறிக்கொண்டாரா என்பது கடைசிவரை தெளிவாகவில்லை.

எல்லைக்கு மேலே மூவர். இருபதாவது, மகன் துபாயில் இருக்கும் குடும்பம். முப்பதாவது, மாவு மில்காரர். நல்ல வேளையாக அவர்கள் இருவரும் உண்மையிலேயே வசதியானவர்கள். பத்தாவது, தென்னை ஏறும் காத்தமுத்து. திடகாத்திரமான ஆள், ஒரு நாளைக்கு முப்பது மரம் ஏறுவார். அப்படிப்பட்டவர் குடும்பத்துக்கு ஆஸ்பத்திரி எதற்கு? தற்செயல்கூடச் சில சமயம் யோசித்துத்தான் நடக்கிறது.

சௌந்திரபாண்டி பதினொன்றாவது. அறுபத்தாறாயிரம்.

ஜனவரி 12

தாசில்தார் அம்மா பட்டியலைப் புரட்டிவிட்டு, “இப்பத்தான் ஊரு ஊரா இருக்கு” என்றார்.

ஜனவரி 14

பொங்கல். வெல்லம் தரமானது.

ஜனவரி 23

தாலுகா அலுவலகத்தில் காப்பீட்டு அட்டை முகாம். குடும்பத்தோடு வந்து, கைரேகை வைத்து, படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊரே தலைவாரி வந்திருந்தது. சட்டை மாற்றாமல் வந்ததற்காகக் கிழவர்கள்கூட மருமகள்களிடம் திட்டு வாங்கினார்கள். சௌந்திரபாண்டி தன் மனைவியிடம், “சங்கிலிய உள்ள விடு, முந்தானைய இழுத்து மூடு. ஏழைன்னா ஏழையா நில்லு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி சிரித்துவிட்டதால் இரண்டாம் முறை படம் எடுக்க வேண்டியிருந்தது.

காத்தமுத்து வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். மனைவி பூரணம், மகள் செண்பகம். அந்தப் பெண் பிளஸ் டூ படிக்கிறது, தலை நிறைய மல்லிகை. கணினிக்காரர் சான்றைப் பார்த்துவிட்டு அவர்களை வரிசையிலிருந்து தள்ளி நிற்கச் சொன்னார். கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு காத்தமுத்து என்னிடம் வந்தார்.

“என்ன சார், என்னையப் பணக்காரன்னு எழுதிட்டீங்களாமே! முன்னாடியே சொல்லியிருந்தா பிள்ளைக்குப் பெரிய எடத்துல மாப்பிள்ளை பாத்திருப்பேன்ல?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பூரணம் சிரிக்கவில்லை. வந்ததுக்கு ஒரு படமாவது எடுத்துக்கொள்ளலாமா என்று செண்பகம் கேட்டது. அது ஸ்டுடியோ இல்லை என்று கணினிக்காரர் சொன்னார்.

ஜனவரி 24

பூரணம் அலுவலகத்துக்கு வந்தார்.

“சார், மரத்துக்கு நாப்பது ரூவா. அதுவும் காயிருந்தாத்தான் ஏறச் சொல்லுவாக. மழைக்காலத்துல ரெண்டு மாசம் சும்மா கெடப்பாரு. எண்பத்துநாலாயிரம் எங்க இருக்குன்னு சொன்னீகன்னா நான் போயி எடுத்துக்கிறேன்.”

நாளைக்கு முப்பது மரம், மரத்துக்கு நாற்பது ரூபாய் என்று பெருக்கிக் காட்டினேன். கணக்கின்படி எண்பத்துநாலாயிரம் என்பதே குறைத்து எழுதியது.

“அப்ப எனக்கு நீங்க சலுகை செஞ்சிருக்கீக” என்றார் பூரணம். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை.

வீரமாகாளி வெளியே போய் எச்சில் துப்பிவிட்டு வந்தார். அவர் வெற்றிலை போடுவதை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது.

பிப்ரவரி 10

வீட்டுத் தென்னையில் காய் பறிக்கக் காத்தமுத்து வந்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவார். வராமல் இருந்துவிடுவார் என்று நினைத்திருந்தேன். பாதி மரத்தில் நின்றுவிட்டார். மரமேறும் தளைக்கயிற்றை இறுக்கிக்கொண்டு, நெற்றியை மரத்தில் சாய்த்தபடி, இரண்டு நிமிடம். இறங்கி வந்தபோது சட்டையில்லாத மார்பு முழுக்க வேர்வை.

“நெஞ்சுல யாரோ உக்காந்திருக்க மாதிரி இருக்கு சார். கொஞ்ச நாளாவே இப்பிடித்தான். உக்காந்தா எந்திரிச்சுப் போயிருறான்.”

“வாயுவா இருக்கும்” என்றேன்.

சுகந்தி சுக்குக் கஷாயம் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். “அட்டை வந்ததும் போலாம்னு இருந்தேன்மா. பரவால்ல, வாயுதான்னு சாரே சொல்லிட்டாருல்ல” என்றார் காத்தமுத்து. மறுபடி ஏறி, மீதிக் காயையும் பறித்துப் போட்டார். நாற்பது ரூபாயை நீட்டினேன்.

“வேணாம் சார். எண்பத்துநாலாயிரத்துல கழிச்சுக்கங்க.”

கேலியாகச் சொல்லவில்லை. நட்பாகவே சொன்னார். தேங்காய் இருபத்தாறு. சுகந்தி அவற்றில் ஒன்றைக்கூட உடைக்கவில்லை.

பிப்ரவரி 12

அடங்கலில் பயிர்க் கணக்குப் பதிவு. நிலக்கடலை நன்றாக வந்திருக்கிறது.

எங்கள் தென்னை அறுபதடி இருக்கும்.

பிப்ரவரி 27

இன்று காலை காத்தமுத்து விழுந்துவிட்டார். மரத்திலிருந்து அல்ல, டீக்கடை பெஞ்சிலிருந்து. நூற்றெட்டு வண்டியில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

பிப்ரவரி 28

பூரணம் வந்தார். இதயத்து ரத்தக்குழாயில் மூன்று அடைப்பு. உயிர் ஆபத்தை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஆபரேஷன் சீக்கிரம் செய்தாக வேண்டும். அங்கே காத்திருப்போர் வரிசை ஏப்ரல் கடைசிவரை போகிறதாம். அட்டை இருந்தால் மதுரையில் தனியார் ஆஸ்பத்திரியில் இந்த வாரமே இலவசமாகச் செய்துகொள்ளலாம் என்று அங்கிருந்த டாக்டரே சொல்லியிருக்கிறார். அவசர நோயாளி என்றால் அட்டையும் ஒரே நாளில் கிடைக்குமாம். சரியான வருமானச் சான்று மட்டும் வேண்டும்.

“ஒரே ஒரு எண்ணு சார். எட்டை ஆறாக்கிக் குடுத்தாப் போதும்.”

எளிதல்ல. பதிவேட்டின் நகல் தாசில்தாரிடம் இருக்கிறது. ஏழு வாரத்தில் ஒரு குடும்பத்துக்கு இரண்டு வருமானம் எழுதினால் காரணம் கேட்பார்கள். “தவறுதலாக எழுதப்பட்டது” என்று நான் எழுத்தில் தர வேண்டும். தந்தால் தண்டனைக் குறிப்பாணை வரும். அதை இரண்டு மூன்று வழிகளில் அவருக்கு விளக்கினேன்.

“சரி சார். வேற வழி?”

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள், அங்கே மனு கொடுங்கள் என்றேன். மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். நல்ல மனு. படித்தால் யாருக்கும் இரக்கம் வரும்.

மார்ச் 1

உதவியாளர் பதவி உயர்வுப் பட்டியல் இம்மாதம் பதினைந்தாம் தேதி வருகிறது. இதற்கும் நேற்று எழுதியதற்கும் தொடர்பில்லை. தேதி மறக்காமலிருக்கக் குறித்து வைக்கிறேன்.

மார்ச் 5

பூரணம் மனு கொடுத்துவிட்டார். ஒப்புகைச் சீட்டை வீரமாகாளியிடம் காட்டிவிட்டுப் போனாராம். முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதாம்.

மார்ச் 7

வீரமாகாளி வேலையெல்லாம் முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல சார். அந்தப் பத்தாவது...”

“அது தற்செயலா வந்ததுய்யா. காத்தாடிக் காத்துல அடுக்கு கலைஞ்சிருச்சு. நான் எடுத்து அடுக்குனப்ப காத்தமுத்துது பத்தாவதா வந்திருச்சு.”

“அன்னைக்குக் கரண்டே இல்லையே சார்.”

நான் அண்ணாந்து காத்தாடியைப் பார்த்தேன்.

“நான்தான அட்டைய வச்சு விசிறிக்கிட்டிருந்தேன்” என்றார் வீரமாகாளி. “நம்ம விசிறுனதுல பேப்பரு பறக்காது சார். ஈ கூடப் பறக்கல.”

“நீர் என்ன பாத்தீர்?”

“நான் என்னத்தப் பாத்தேன்? எனக்குக் கண்ணாடி மாத்தி ரெண்டு வருசமாச்சு. சௌந்திரபாண்டின்னு பேரு போட்ட தாளு மேல இருந்துச்சு, அப்பறம் கீழ இருந்துச்சு. அம்புட்டுத்தான் தெரிஞ்சுச்சு.”

பூட்டைப் பூட்டி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வழக்கமாகச் சாவி அவரிடம்தான் இருக்கும்.

மார்ச் 8

சென்ற ஜனவரி 11 குறிப்பில் ஒரு சிறு திருத்தம். வரிசையில் ஒரு தாள் கைபட்டு நகர்ந்திருக்கலாம்.

மார்ச் 10

சனிக்கிழமை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் ஒரு டஜன் சாத்துக்குடி வாங்கினேன். இதய நோய்ப் பிரிவு இரண்டாம் மாடி. முதல் மாடிவரை ஏறினேன். அங்கே ஜன்னல் வழியாகப் பார்த்தால் கீழே மரத்தடியில் பூரணம் தெரிந்தார். சௌந்திரபாண்டி அவரிடம் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். நோயாளி குடும்பத்தைப் பார்க்க ஆளில்லாமல் இல்லை என்பது தெரிந்ததால் திரும்பிவிட்டேன்.

சாத்துக்குடியைச் சுகந்தி சாறு பிழிந்தாள். “யாருக்கு வாங்குனீங்க?” என்றாள். உனக்குத்தான் என்றேன். குடிக்காமல் எனக்கே கொடுத்தாள்.

மார்ச் 13

கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்த மனு கோட்டாட்சியருக்குப் போய், அங்கிருந்து தாசில்தாருக்குப் போய், அங்கிருந்து வருவாய் ஆய்வாளருக்குப் போய், இன்று என்னிடம் வந்து சேர்ந்தது. “உரிய விசாரணை செய்து அறிக்கை அளிக்கவும்.” என் கையெழுத்தில் இருந்த மனுவை நானே படித்தேன். இரண்டாம் பத்தி கொஞ்சம் நீளம்.

விசாரணைக்கு இரண்டு நாள் தேவைப்படும்.

மார்ச் 15

பட்டியல் வந்தது. முப்பத்தேழாவது பெயர் என்னுடையது. தாலுகா அலுவலகத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன்.

மார்ச் 16

விசாரணை முடிந்தது. “மேற்படி குடும்பத் தலைவர் உடல்நலக் குறைவால் தொழில் செய்ய இயலாத நிலையில், தற்போதைய ஆண்டு வருமானம் ரூ. 48,000” என்று காலை ஒன்பது மணிக்கு எழுதினேன். தவறுதலாக என்ற சொல் தேவைப்படவேயில்லை. இரண்டு வாரமாக இந்த வாக்கியம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. நானே கொண்டுபோய், வருவாய் ஆய்வாளரின் வீட்டில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே கையெழுத்து வாங்கி, தாசில்தார் அம்மாவின் மேசையில் வைத்து, பகல் ஒன்றரைக்கு முடித்துவிட்டேன். ஒரு கோப்பு இவ்வளவு வேகமாக நகர்ந்து நான் பார்த்ததில்லை. பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்த முறை இரண்டு மாடியும் ஏறினேன். கட்டிலில் வேறு ஆள் இருந்தார்.

செண்பகத்தின் செல்போனுக்குக் கூப்பிட்டேன். பூரணம் பேசினார்.

“மதுரையில இருக்கோம் சார். செவ்வாக்கிழமையே ஆப்ரேசன் முடிஞ்சிருச்சு. கண்ணு முழிச்சுப் பேசுறாரு.”

“அட்டை?”

“அட்டை இல்லாமத்தான். இனி ஒருக்கா நெஞ்சுவலி வந்துச்சுன்னா தாங்காதுன்னாக. வீட்டடி மனைய வித்துட்டோம். சௌந்திரபாண்டி அண்ணன்தான் முன்னால நின்னு மொத்தமாக் கட்டுனாரு. கடைக்குப் பக்கத்து எடம், அவருக்கும் ஆகும்னாரு. நல்ல மனுசன் சார்.”

சான்று தயாராகிவிட்டது என்றேன்.

“நீங்களும் ரொம்ப அலைஞ்சிருக்கீக” என்றார்.

ஏப்ரல் 6

முகாம். காத்தமுத்து குடும்பத்துக்கு இன்று படம் எடுத்தார்கள். மூவரும் வந்திருந்தார்கள். காத்தமுத்துவின் சட்டைக்குள் நெஞ்சு நடுவே தையல் மேலேறி வந்து, காலரில் முடிந்தது. பட்டனைப் போட்டுக்கொள்ளச் சொன்னார் கணினிக்காரர். செண்பகம் பூ வைத்துக்கொள்ளவில்லை.

“மேல ஏறக்கூடாதுன்னுட்டாங்க சார். மாடிப்படி கூட மெதுவாத்தான்” என்றார் காத்தமுத்து. “இப்ப நெசமாவே எழுபத்திரண்டாயிரத்துக்குள்ள வந்துட்டேன். ஒங்க பதிவேடு சுத்தமாயிருச்சு.”

சிரித்தார். தையலில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கப் பார்த்தேன்.

பிறகு என் பக்கமாகக் குனிந்து, எங்கள் வீட்டுத் தென்னைக்கு வேறு ஆள் சொல்லியிருப்பதாகவும், புது ஆள் ஐம்பது கேட்பான், நாற்பதுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

ஏப்ரல் 8

காத்தமுத்துவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று புறப்பட்டேன். வீடு பூட்டியிருந்தது. செங்கல் சூளைப் பக்கம் வாடகைக்குப் போய்விட்டார்களாம். ஓட்டுக் கூரையின் மேல் சிமெண்ட் மூட்டைகளை மூடும் தார்ப்பாய் ஒன்று காயப் போட்டிருந்தது. வெயில் அதிகம், திரும்பிவிட்டேன். சூளை ஒன்றரை கிலோமீட்டர்தான்.

ஏப்ரல் 19

சுகந்தி அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவள் போன பிறகு, நாட்குறிப்பின் மார்ச் 8 பக்கத்தில் கனகாம்பரக் காம்பு ஒன்று அடையாளமாக வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். இந்த நோட்டை அலுவலகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஏப்ரல் 24

வீரமாகாளியிடம் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். “இருக்கட்டும் சார், புது ஆபீசர் வந்ததும் வாங்கிக்கிறேன்” என்றார்.

மே 9

பணியிலிருந்து விடுவிப்பு. நாளை தாலுகா அலுவலகத்தில் உதவியாளராகச் சேர வேண்டும். பதிவேடுகள், முத்திரைகள், இரும்பு அலமாரி ஒன்று, மேசை ஒன்று, உடைந்த நாற்காலி இரண்டு ஆகியவற்றைப் பட்டியலிட்டு ஒப்படைத்தேன். பதினோரு சேலை விவகாரம் நிலுவை.

நிலுவையிலிருந்த கடைசிக் கோப்பு: நத்தம் புல எண் 118/2, இரண்டரை சென்ட், அதிலுள்ள ஓட்டு வீடு உட்பட. காத்தமுத்து பெயரிலிருந்து சௌந்திரபாண்டி பெயருக்குப் பட்டா மாறுதல். பதினைந்து நாள் அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஆட்சேபணை எதுவும் வரவில்லை. பரிந்துரை செய்தேன்.